எஞ்சின் ஏன் இப்படிக் குறி போட்டது? அறிகுறியை வைத்துக் காரணம் தேடுவது

இணையத்தில் ஒரு செஸ் ஆட்டம், நன்றாகத்தான் ஆடினோம் என்று நினைத்து அலசல் பொத்தானைத் தட்டினால் திரை முழுக்கச் சிவப்பு. வேறொரு நாள் கண்டபடி ஆடி ஜெயித்த ஆட்டத்துக்கு 93 சதவீதம் துல்லியம் என்று வரும். இரண்டையும் பார்த்துக் குழம்பிப்போய் "இந்த எஞ்சினுக்குக் கிறுக்கு" என்று ஜன்னலை மூடிவிடுபவர்கள் நிறையப் பேர், நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் இருந்தேன்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின், அதாவது செஸ் நிலைகளைக் கணக்கிடும் நிரல், உங்கள் நகர்வைத் தனியாக எடுத்து மதிப்பெண் போடுவதே இல்லை. நகர்வுக்கு முன்னால் நிலைக்கு ஓர் எண், நகர்வுக்குப் பின்னால் இன்னோர் எண், இரண்டையும் அது தருகிறது. நடுவில் எவ்வளவு சரிந்தது என்று பார்த்துத் தளம் ஒரு சீட்டை ஒட்டுகிறது. எஞ்சின் வேறு, சீட்டு ஒட்டுகிறவர் வேறு. கீழே வரும் குழப்பங்களில் பாதி இதை மறப்பதால் வருபவைதான். உங்களுக்கு என்ன அறிகுறியோ அந்த இடத்துக்கு நேராகப் போய்ப் படிக்கலாம்.

"நான் ஜெயிக்கிறேன், ஆனால் மைனஸ் காட்டுகிறது"

நீங்கள் கறுப்பா? அப்படியானால் மைனஸ் என்றால் உங்களுக்கு நல்லது. பெரும்பாலான தளங்கள் எப்போதும் வெள்ளையின் பக்கம் நின்றுதான் எண்ணைச் சொல்லும். கணினியில் தனியாக நிறுவிய எஞ்சினை நேரடியாக ஓட்டினால் கதை வேறு, அங்கே யார் நகர்த்த வேண்டுமோ அவருடைய பார்வையில் எண் வரும், அதனால் ஒவ்வொரு நகர்வுக்கும் பிளஸ், மைனஸ் மாறி மாறித் தெரியும். சில நிரல்களில் இதை அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். சரி, அடுத்தது.

"யானையையே தூக்கிக் கொடுத்தேன், ஒன்றும் சொல்லவில்லை, ஒரு சிப்பாய் போனதற்கு இரட்டைக் கேள்விக்குறி"

எல்லோரையும் அதிகமாகக் குழப்புவது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

எஞ்சின் தரும் எண் சிப்பாய்க் கணக்கில் இருக்கும். +1.00 என்றால் ஏறக்குறைய ஒரு சிப்பாய் அளவு மேல்கை. அதன் நூறில் ஒரு பங்கைத்தான் சென்டிபான் என்கிறார்கள். பழைய காலத்தில் "இத்தனை சென்டிபான் போனால் பிளண்டர்", அதாவது இரட்டைக் கேள்விக்குறி போடும் பெருந்தவறு, என்று நேரடியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள், அது சரிப்படவில்லை. ஏனென்றால் சமநிலையில் இருக்கும்போது இரண்டு சிப்பாய் அளவு சரிவது ஆட்டத்தையே மாற்றிவிடும், ஏற்கெனவே ராணி ஒன்று கூடுதலாக இருக்கும்போது அதே சரிவால் ஒன்றும் ஆகாது. அதனால் இப்போது பெரிய தளங்கள் அந்த எண்ணை முதலில் வெற்றி வாய்ப்பாக மாற்றிவிட்டு, அந்த வாய்ப்பு எவ்வளவு விழுந்தது என்று பார்க்கின்றன.

லிசெஸ் என்ற செஸ் தளம் தன் சூத்திரத்தை வெளிப்படையாகவே போட்டிருக்கிறது. அதன்படி 0.00 என்றால் 50 சதவீதம். +1 என்றால் 59, +2 என்றால் 68க்குச் சற்றுக் குறைவு, +3 என்றால் 75, +5 என்றால் 86, +7 என்றால் 93, +10 என்றால் 97.5. ஏறும் வேகம் எப்படிக் குறைகிறது பாருங்கள்: முதல் சிப்பாய்க்கு 9 சதவீதம் கிடைக்கிறது, ஏழிலிருந்து பத்து வரை மூன்று சிப்பாய்க்கும் சேர்த்தே 5 சதவீதம் வரவில்லை. +10ஐத் தாண்டிவிட்டால் எல்லாவற்றையும் 10 ஆகவே எடுத்துக்கொள்ளும்.

இப்போது குறிக்கு வருவோம். வெற்றி வாய்ப்பு 5 சதவீதப் புள்ளி விழுந்தால் 'துல்லியமின்மை', 10 விழுந்தால் 'தவறு', 15 விழுந்தால் 'பிளண்டர்'. நீங்களே போட்டுப் பாருங்கள். 0.00இலிருந்து −2.00க்குப் போனால் 50இலிருந்து 32க்கு விழுகிறது, 15ஐத் தாண்டிவிட்டது, பிளண்டர். +10இலிருந்து +7க்கு இறங்கினால் 97.5இலிருந்து 93, ஐந்துகூட இல்லை, ஆகவே குறியே கிடையாது. ஆனால் +9இலிருந்து +5க்கு வந்தால் பத்தைத் தொட்டுவிடும், 'தவறு' என்று வரும். ராணியும் யானையும் கூடுதலாக வைத்துக்கொண்டு, கவனமில்லாமல் அந்த யானையை நான் சும்மா கொடுத்த ஓர் ஆட்டம் இருக்கிறது. அலசலில் ஒரு புள்ளிகூட ஒட்டவில்லை. எஞ்சினுக்குத் தெரியாமல் இல்லை, எண் இறங்கியதைப் பார்த்தேன், ஆனால் இறங்கிய பிறகும் பத்துக்கு மேலேயே நின்றதால் சீட்டு ஒட்டக் காரணம் இல்லாமல் போனது.

செஸ்.காம் தளத்திலும் அடிப்படை இதேதான், அங்கே 0 முதல் 1 வரை 'எதிர்பார்க்கும் புள்ளி' என்று வைத்திருக்கிறார்கள். 0.05 முதல் 0.10 வரை விழுந்தால் துல்லியமின்மை, 0.10 முதல் 0.20 வரை தவறு, அதற்கு மேல் பிளண்டர். கூடவே அங்கே உங்கள் ரேட்டிங்கும், அதாவது உங்கள் ஆட்டத் திறமைக்குத் தரும் எண்ணும், கணக்கில் வரும். இரண்டாயிரத்துக்கு மேல் இருப்பவருக்கு +2 என்பது கிட்டத்தட்ட வென்ற மாதிரி, இப்போதுதான் தொடங்கியவருக்கு அதே +2 எந்தப் பக்கமும் சாயலாம். அதனால் ஒரே ஆட்டத்தை இரண்டு தளத்திலும் போட்டுவிட்டுக் குறிகள் ஏன் ஒத்துப்போகவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

"காய் எதுவும் போகவில்லை, பிறகு ஏன் பிளண்டர்?"

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன் போட்டியின் 14ஆவது ஆட்டம். டிங் லிரென் வெள்ளை, குகேஷ் கறுப்பு. இருவருக்கும் ஒரு யானை, ஒரு பிஷப், கறுப்புக்கு ஒரு சிப்பாய் கூடுதல், ஆனாலும் எஞ்சின் சமநிலை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. 55ஆவது நகர்வில் டிங் தன் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்து, மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். அந்த நகர்வை மட்டும் பார்த்தால் எதுவும் தப்பாகத் தெரியாது, யானைக்கு யானை. எண் மட்டும் கறுப்பின் வெற்றிக்குத் தாவிவிட்டது.

ஏன் என்று தெரிய அதற்கு அடுத்து வந்த நகர்வுகளைப் பார்க்க வேண்டும். யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் தன் பிஷப்பை டி5இல் வைத்தார். வெள்ளையின் பிஷப் ஏ8 மூலையில் மாட்டியிருந்தது, அதற்குத் தப்பிக்க வழியில்லை, அதுவும் மாற்றப்பட்டே தீரும். மிச்சம் வெறும் ராஜாவும் சிப்பாயும், அந்த எண்ட்கேமில் (ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில்) ஒரு சிப்பாய் கூடுதல் என்றால் கறுப்புக்கு வெற்றி. 58 நகர்வில் ஆட்டம் முடிந்தது.

உங்கள் ஆட்டத்திலும் பார்க்கும் முறை இதுதான். குறி விழுந்த நகர்வையே முறைத்துக்கொண்டிருக்காதீர்கள், "நான் என்ன ஆடியிருக்க வேண்டும்" என்ற பச்சை அம்புக்குறிக்கும் உடனே ஓடாதீர்கள். முதலில் உங்கள் நகர்வை அப்படியே பலகையில் வைத்துவிட்டு, எதிராளிக்கு எஞ்சின் சொல்லும் பதிலை ஆடுங்கள். அப்புறம் நீங்கள் மனதில் வைத்திருந்த அடுத்த நகர்வை ஆடுங்கள், எஞ்சின் உங்களுக்குச் சொல்வதை அல்ல, நீங்கள் உண்மையிலேயே நினைத்ததை. அங்கே எண் எங்கே உடைகிறதோ அங்கேதான் காரணம் இருக்கிறது. பல நேரம் எதிராளியின் அந்தப் பதிலை நாம் யோசிக்கவே இல்லை என்பது வெளியே வரும்.

அப்படியும் புரியவில்லை என்றால் இன்னொரு வழி: குறி விழுந்த நகர்வுக்கு முந்தைய நிலையில் நிறுத்திக்கொண்டு, நாம் நகர்த்தாமல் சும்மா இருந்தால் எதிராளி என்ன செய்வார் என்று கேட்பது. லிசெஸ் அலசல் பலகையில் எக்ஸ் விசையைத் தட்டினால் எதிராளியின் மிரட்டலை அதுவே காட்டும். உங்கள் நகர்வு அந்த மிரட்டலைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் விடை கிடைத்துவிட்டது.

நான் பார்த்தவரை இப்படிப்பட்ட "காரணமில்லாத" பிளண்டர்களில் பெரும்பகுதி மூன்று வகைதான்: தப்பான காய் மாற்றம், எதிராளியின் மிரட்டலைப் பார்க்காதது, நமக்குக் கிடைத்த ஒன்றை எடுக்காமல் விட்டது. மூன்றாவதை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். எதிராளி முந்தைய நகர்வில் தப்பு செய்திருப்பார், நாம் தண்டிக்கவில்லை, எண் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. நிலை கெடவே இல்லை, ஆனாலும் குறி விழும். எண் ஏறி இறங்குவதைக் காட்டும் வரைபடத்தில் ஊசி மாதிரி ஒரு முனை மேலே போய் உடனே கீழே வந்திருந்தால் அது இந்த வகை.

"முதலில் இரட்டைக் கேள்விக்குறி காட்டியது, கொஞ்ச நேரம் கழித்துக் காணோம்"

ஆழத்தைப் பாருங்கள், அதாவது எஞ்சின் எத்தனை அடி முன்னோக்கித் தேடியிருக்கிறது என்பதை. எண்ணுக்குப் பக்கத்திலேயே சின்னதாக 14, 20, 28 என்று ஏறிக்கொண்டே போகும். 14ஆவது ஆழத்தில் எஞ்சின் சொல்வது அவசரத்தில் சொல்லும் பேச்சு. போனில் உலாவிக்குள் ஓடும் எஞ்சினும் சர்வரில் ஓடும் எஞ்சினும் ஸ்டாக்ஃபிஷ் என்ற ஒரே எஞ்சின்தான் என்றாலும், பார்க்க முடிகிற தூரம் வேறு. போன் சூடாகி வேகம் குறைந்தால் இன்னும் மோசம்.

ஆழம் ஒன்றாக இருந்தும் எண் கொஞ்சம் மாறலாம். கணினிச் செயலியின் பல கோர்களில் ஒரே நேரம் தேடும்போது எந்தக் கிளை முதலில் முடிகிறது என்பது ஒவ்வொரு முறையும் மாறும், அதனால் அதே நிலையை இரண்டு தடவை ஓட்டினால் 0.31, 0.38 என்று வருவது சகஜம். 0.1, 0.2 வித்தியாசத்துக்கு அர்த்தம் தேடுவது வீண் வேலை.

பதிப்பு மாறியிருந்தால் எண்ணின் அளவுகோலே மாறியிருக்கலாம். ஸ்டாக்ஃபிஷ் 12 வந்த 2020இல்தான் நரம்பு வலை மதிப்பீடு உள்ளே வந்தது. 2022 டிசம்பரில் வந்த 15.1 பதிப்பு +1.00 என்பதற்கே புது அர்த்தம் கொடுத்தது: எஞ்சின் தன்னோடு தானே ஆடினால் அந்த நிலையை வெல்ல 50 சதவீத வாய்ப்பு. மீதி பெரும்பாலும் டிராதான். இதைப் படித்துவிட்டு "மேலே 59 என்றீர்களே" என்று கேட்பீர்கள், அந்த 59 மனிதர்கள் ஆடிய ஆட்டங்களை வைத்துப் பொருத்தியது, டிராவுக்கும் பாதிப் புள்ளி சேர்த்த கணக்கு. இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில். பழைய பதிப்பில் சேமித்து வைத்த அலசலையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் இருந்தால் போதும்.

ஆழம் எவ்வளவு முக்கியம் என்பதற்குச் செஸ் உலகமே சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. 1998, லினாரெஸ் போட்டி, டோபலோவுக்கு எதிராக ஷிரோவ் 47ஆவது நகர்வில் தன் பிஷப்பை எச்3 கட்டத்தில் கொண்டுபோய்ச் சும்மா வைத்தார். இருவர் பிஷப்பும் வேறு வேறு நிறக் கட்டங்களில் ஓடும் எண்ட்கேம், பொதுவாக டிரா என்று கைகுலுக்கும் வகை. அவருக்கு வேண்டியிருந்ததெல்லாம் தன் ராஜா நடுவே போய்ச் சேர ஒரு நகர்வு நேரம், அதற்காக ஒரு முழுக் காயையே விலையாகக் கொடுத்தார். அன்றைய எஞ்சின்களுக்கு அந்த நகர்வு பல வருடம் கண்ணிலேயே படவில்லை. இப்போதும் குறைந்த ஆழத்தில் ஓர் எஞ்சின் "பிளண்டர்" என்றால் ஒரு நிமிடம் கூடுதலாக ஓடவிட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

"0.00 என்கிறது, ஆனால் பலகை பற்றி எரிகிறது"

0.00 என்பதற்கு இரண்டு முகம். ஒன்று, உண்மையிலேயே ஒன்றுமில்லாத சப்பை நிலை. இன்னொன்று, சரியான ஒரே பாதையில் போனால் முடிவில்லாத செக்கோ நிலை திரும்பத் திரும்ப வருவதோ கிடைக்கும், அந்தப் பாதையை விட்டு ஓர் அடி தவறினால் செத்தீர்கள் என்ற நிலை. எஞ்சினுக்கு இரண்டும் ஒரே எண்.

பிரித்துப் பார்க்க, எஞ்சின் காட்டும் வரிகளின், அதாவது அது பரிந்துரைக்கும் மாற்று நகர்வுகளின், எண்ணிக்கையை அமைப்பில் மூன்றாக்குங்கள். மூன்று வரியும் 0.00, 0.00, −0.10 என்று வந்தால் நிம்மதியாக எதை வேண்டுமானாலும் ஆடலாம். முதல் வரி 0.00, இரண்டாவது −4.20 என்று வந்தால் நீங்கள் கயிற்றின் மேல் நடக்கிறீர்கள். இந்த ஓர் அமைப்பு மாற்றம் எனக்குப் பல குழப்பத்தைத் தீர்த்திருக்கிறது, முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

"எஞ்சின் சொன்ன சிறந்த நகர்வு யாருமே ஆட முடியாத மாதிரி இருக்கிறது"

இதற்கும் மூன்று வரிதான் மருந்து. முதல் வரி +0.62, மூன்றாவது +0.48, மூன்றாவதின் யோசனை உங்களுக்குப் புரிகிறது என்றால் மூன்றாவதை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருங்கள்.

"+3 காட்டுகிறது, ஐம்பது நகர்வாக ஒன்றும் நடக்கவில்லை"

கோட்டை கட்டிவிட்டார்கள். சிப்பாய்கள் ஒன்றோடொன்று முட்டிப் பலகை பூட்டிக்கொண்ட நிலையில், உள்ளே நுழைய வழியே இல்லாவிட்டாலும் கூடுதல் காயை எண்ணி எஞ்சின் மேல்கை என்று சொல்லிக்கொண்டிருக்கும். கண்டுபிடிப்பது சுலபம்: எஞ்சின் சொல்லும் நகர்வுகளையே இரண்டு பக்கமும் பத்துப் பதினைந்து ஆடிப் பாருங்கள். எண் அதே இடத்தில் நின்று, காய்கள் முன்னும் பின்னும் போய் வந்தால் அந்த +3ஐ நம்ப வேண்டாம். உண்மையில் வெல்லும் நிலையாக இருந்தால் எண் மெல்ல மெல்லவாவது ஏறும்.

பலகையில் ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்க்குள் வந்துவிட்டால் மதிப்பீடு எதற்கு, எல்லா நிலைகளுக்கும் முடிவை முன்பே கணக்கிட்டு வைத்திருக்கும் டேபிள்பேஸ் இருக்கிறது. சிசிஜி என்ற தொகுப்பு 2018இல் ஏழு காய் வரை முழுமையாகிவிட்டது, அது ஊகிப்பதில்லை, வெற்றியா, டிராவா, தோல்வியா என்று முடிவாகச் சொல்லும். உதாரணத்துக்கு எச் வரிசையில் ஒரு சிப்பாயும் வெள்ளைக் கட்ட பிஷப்பும் வெள்ளையிடம், எதிரியிடம் வெறும் ராஜா. எண்ணிப் பார்த்தால் ஒரு பிஷப், ஒரு சிப்பாய் கூடுதல். ஆனால் எச்8 கறுப்புக் கட்டம், எதிரி ராஜா அந்த மூலையில் போய் உட்கார்ந்துவிட்டால் கிளப்பவே முடியாது, டிரா.

"ஐந்தில் மேட் இருந்ததை விட்டேனாம்"

எண்ணுக்குப் பதில் #5 என்று வந்தால் கட்டாய மேட் ஐந்து நகர்வில் இருக்கிறது என்று அர்த்தம். அதை விட்டுவிட்டாலும் +10க்கு மேலேயே இருந்தீர்கள் என்றால் மனதைப் போட்டு வருத்திக்கொள்ள ஒன்றுமில்லை. கடிகாரத்தில் இருபது விநாடி இருக்கும்போது ஐந்து நகர்வு மேட்டைத் தேடுவதைவிட ஒரு யானையை வெட்டிக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம், எஞ்சினுக்குக் கடிகாரம் தெரியாது.

"பலி கொடுத்து ஜெயித்தேன், இரட்டை ஆச்சரியக்குறி வரவில்லை"

லிசெஸ் அலசல் தானாக அந்தக் குறியைப் போடுவதே இல்லை. செஸ்.காம் போடும், ஆனால் நிபந்தனைகள் உண்டு: உண்மையான காய்ப் பலியாக இருக்க வேண்டும், அது சிறந்த நகர்வாகவோ கிட்டத்தட்ட சிறந்ததாகவோ இருக்க வேண்டும், ஆடிய பிறகு உங்கள் நிலை மோசமாக இருக்கக் கூடாது, அதை ஆடாவிட்டாலும் எப்படியும் ஜெயித்திருப்பீர்கள் என்ற நிலையாகவும் இருக்கக் கூடாது. அநேகம் பேர் கடைசி நிபந்தனையில்தான் விழுகிறார்கள். ரேட்டிங் குறைவாக இருந்தால் கொஞ்சம் தாராளமாகவே கொடுப்பார்கள், அதனால் நேற்று கிடைத்தது இன்று கிடைக்கவில்லை என்றால் நீங்கள் முன்னேறியிருக்கவும் கூடும்.

"90 சதவீதத் துல்லியம், ஆனாலும் தோற்றேன்" அல்லது "எதிராளிக்கு 97, ஏமாற்றுகிறாரா?"

துல்லியம் என்பது ஒவ்வொரு நகர்வின் சரிவையும் மதிப்பெண்ணாக்கிச் சேர்த்த ஒரு தொகுப்பு, அவ்வளவுதான். லிசெஸ் கணக்கில் வெற்றி வாய்ப்பை 10 புள்ளி இழந்த நகர்வுக்கு ஏறக்குறைய 64, 20 புள்ளி இழந்ததற்கு 40. நாற்பது நகர்வில் முப்பத்தொன்பது நன்றாக ஆடி ஒன்றில் ராணியைக் கொடுத்தால் சராசரி பெரிதாக விழாது, ஆட்டம் மட்டும் விழும். வெறும் சராசரி போதாது என்பதால்தான் அவர்கள் இசைச் சராசரியையும் கலக்கிறார்கள், அது மோசமான ஒரே நகர்வைக்கூட அழுத்திக் காட்டும். அப்படியும் முழுக்கச் சரியாகாது.

97க்கு வருவோம். பதினெட்டு நகர்வில் முடிந்த ஆட்டமா? முதல் பத்து மனப்பாட ஓப்பனிங்கா? நடுவில் வெட்டினால் திருப்பி வெட்டியே ஆக வேண்டிய நகர்வுகள் எத்தனை? நீங்கள் சீக்கிரமே ஒரு காயைக் கொடுத்திருந்தால் அதற்குப் பிறகு எதிராளி என்ன ஆடினாலும் வெற்றி வாய்ப்பு விழாது, ஒவ்வொரு நகர்வுக்கும் நூறு நூறாக ஏறிக்கொண்டே போகும். சந்தேகம் வந்தால் அந்த ஒற்றைச் சதவீதத்தை விட்டுவிட்டு, சிக்கலான நிலைகளில் அவர் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பாருங்கள். திருப்பி வெட்டுவதற்கும் ஏழு விநாடி, யாரும் காண முடியாத அமைதியான நகர்வுக்கும் ஏழு விநாடி என்றால் தளத்திடம் புகார் கொடுத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போங்கள், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

"மூன்றாவது நகர்விலேயே துல்லியமின்மை"

கேம்பிட் ஆடியிருப்பீர்கள். சிப்பாயைக் கொடுத்துவிட்டு வேகத்தை வாங்கும் ஓப்பனிங்குகளில் எஞ்சின் அந்த வேகத்துக்குப் பாதி விலைதான் தரும், எண் −0.6, −0.8 என்று நிற்கும். உங்கள் ரேட்டிங்கில் எதிராளி அடுத்த பத்து நகர்வைச் சரியாக ஆடுகிறாரா என்று லிசெஸ் ஓப்பனிங் தேடலில் போய், உங்கள் ரேட்டிங் வரம்பை மட்டும் தேர்ந்தெடுத்து, அந்த நிலையில் கறுப்பு எத்தனை சதவீதம், வெள்ளை எத்தனை சதவீதம் ஜெயித்திருக்கிறது என்று பாருங்கள். அங்கே உங்கள் பக்கம் 52 என்று இருந்தால் அந்த மஞ்சள் குறியை விட்டுத்தள்ளலாம்.